நாற்பது கஜம்

பிப்ரவரி மாதக் கடைசி. நியூ ஜெர்ஸியில் என் மகன் வீட்டில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேரன் தொலைக்காட்சிப் பெட்டியைத் திருப்பினான். பிரம்மாண்டமான விளையாட்டு அரங்கம் ஒன்று தெரிந்தது. பச்சைத் தரையில் வாலிபன் ஒருவன் அரை டிராயருடன், கை விரல்களைத் தரையில் ஊன்றிக் குனிந்து நின்றான். திடீரென்று ஓடினான். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. பேரன் தலையில் கை வைத்துக்கொண்டு, "போச்சு, தாத்தா! நாலு புள்ளி ஆறு!" என்றான்.

"யாரோடு பந்தயம்?" என்று கேட்டேன்.

"யாரோடும் இல்லை. தனியாத்தான் ஓடணும்."

"பந்து எங்கே?"

"இதுக்குப் பந்து கிடையாது, தாத்தா. இது பரீட்சை."

பந்து விளையாட ஆள் எடுக்கிறார்கள். பரீட்சையில் பந்து இல்லை! நாவல் எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி ஒரு முடிச்சு கிடைத்தால் அவிழ்க்காமல் தூக்கம் வருமா? பேரனைக் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும், அந்த நாற்பது கஜத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவம். காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் ஏந்திக்கொண்டு ஓடுவது, வீசுவது, பிடிப்பது, ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவது என்று அது பாதி விளையாட்டு, பாதி யுத்தம். கல்லூரிகளில் இதை ஆடும் பிள்ளைகளில் சுமார் 250 பேரைச் சம்பளத்துக்கு ஆடும் 32 கோஷ்டிகள் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன. முந்திய ஆண்டு கடைசியாக வந்த கோஷ்டிக்கு முதல் தேர்வு; வாகை சூடிய கோஷ்டிக்குக் கடைசித் தேர்வு. இப்படி ஏழு சுற்று. 'டிராஃப்ட்' என்று இதற்குப் பெயர். பையன் தனக்குப் பிடித்த கோஷ்டியைத் தேடிப் போக முடியாது. கோஷ்டிதான் அவன் கழுத்தில் மாலை போடும். அதுவும் ஏறக்குறைய, எத்தனையாவது மாலையோ அத்தனை சம்பளம் என்று 2011-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையறுத்துவிட்டார்கள். முதல் சுற்றில் பத்து இடம் பின்னுக்குத் தள்ளப்பட்டால் லட்சக்கணக்கான டாலர் போயிற்று. பேரன் தலையில் கை வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் பெர்ட் பெல் என்பவர். பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் சொந்தக்காரர். அவருடைய கோஷ்டி தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்கிற கோஷ்டிக்கு நல்ல ஆட்டக்காரன் வரமாட்டான். நல்ல ஆட்டக்காரன் வராவிட்டால் மேலும் தோற்கும். பணமும் பெயரும் உள்ள கோஷ்டிகள் இன்னும் கொழுக்கும். இப்படியே போனால் எல்லோருக்கும் நஷ்டம் என்று 1935-இல் மற்ற சொந்தக்காரர்களிடம் வாதாடினார். ஆச்சரியம் என்னவென்றால், கொழுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 1936, பிப்ரவரி 8-ஆம் தேதி, பிலடெல்பியாவில் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஒரு கரும்பலகையில் 90 பெயர்களை எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. ஓட்டமும் இல்லை, நிறுவையும் இல்லை. கல்லூரி ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்தவர்களும் காதால் கேட்டவர்களும்தான் நிபுணர்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் முதலாளியின் மகன் வெலிங்டன் மாரா வெளியூர்ப் பத்திரிகைகளையெல்லாம் வரவழைத்துப் பெயர்களைக் குறித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஞ்ஞானம்.

அந்தக் கரும்பலகையிலிருந்து முதன்முதலாக எடுக்கப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ சர்வகலாசாலை மாணவர். பின்னாளில் ஹெய்ஸ்மன் விருது என்று பெயர் பெற்ற பரிசை 1935-இல் முதன்முதலாக வாங்கியவர். எடுத்த பெல்லுக்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. உரிமையைச் சிகாகோ பேர்ஸ் கோஷ்டிக்கு மாற்றிக் கொடுத்தார். அந்தக் கோஷ்டியின் ஜார்ஜ் ஹாலஸிடம் பெர்வாங்கர் இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் கேட்டார். ஹாலஸ் கைகுலுக்கி வழியனுப்பினார். பெர்வாங்கர் ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார். டிராஃப்ட் சரித்திரத்தின் முதல் மாப்பிள்ளை தாலி கட்டாமலே எழுந்து போன கதை இது. எனக்கு அவரை மிகவும் பிடித்திருக்கிறது.

நாற்பது கஜம் எங்கிருந்து வந்தது? 1946-இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் கோஷ்டியைத் தொடங்கி நடத்திய பால் பிரௌன் என்னும் பயிற்சியாளரிடமிருந்து. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். எல்லாவற்றிலும் கணக்குப் பார்க்கிற சுபாவம். அந்த ஆட்டத்தில் பந்தை எதிர்த் தரப்புக்கு உதைத்துவிடும் கட்டம் ஒன்று உண்டு. உதைத்த பந்து சுமார் நாற்பது கஜம் போய் விழும். அது விழுகிற இடத்துக்கு நம் ஆள் எத்தனை வினாடியில் போய்ச் சேருவான் என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். ஆகவே நாற்பது கஜம் ஓடச் சொன்னார். நியாயமான கேள்வி, அதற்கு ஏற்ற பரீட்சை. பிற்பாடு கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பரீட்சை மட்டும் நின்றுவிட்டது. பந்தை உதைக்காதவன், உதைத்த பந்தைத் துரத்தாதவன், ஆட்டம் முழுவதும் நாலு அடிக்குமேல் நகராதவன் எல்லோரும் அந்த நாற்பது கஜத்தை ஓடித் தீர வேண்டியதாயிற்று.

அடுத்த கட்டத்தில் நம் நாட்டார் ஒருவர் வருகிறார். 1960-இல் ஆரம்பித்த டல்லஸ் கௌபாய்ஸ் கோஷ்டியின் நிர்வாகி டெக்ஸ் ஷ்ராம், அதே ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில் ஐ.பி.எம். யந்திரங்கள் கணக்குப் போடுவதைப் பார்த்தார். ஆட்டக்காரர்களையும் இந்த யந்திரமே பொறுக்கித் தந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த வேலையை ஐ.பி.எம். சார்பில் ஏற்றுக்கொண்டவர் ஸலாம் குரேஷி என்ற இந்தியர். புள்ளி விவர நிபுணர். கிரிக்கெட் தெரிந்தவர், அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். எது நல்ல ஆட்டம் என்று தெரியாததனால்தானோ என்னவோ, மிகச் சிரத்தையாகக் கேள்வி கேட்டார். பயிற்சியாளர்கள் சொன்ன வர்ணனைகளையெல்லாம் வடிகட்டி ஐந்து குணங்களில் கொண்டு வந்து நிறுத்தினார்கள்: நல்லொழுக்கம், சுறுசுறுப்பு, போட்டி மனப்பான்மை, புத்திக் கூர்மை, பலம். அவற்றோடு உயரம், எடை, வேகம். அந்த ஐந்து குணங்களுக்கும் யாராவது ஒரு மனிதன் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கடைசி மூன்றுக்கும் மனிதன் வேண்டாம். அளவு நாடா, தராசு, கடிகாரம் போதும். பிறகு நடந்ததெல்லாம் அந்த மூன்றின் வெற்றிதான்.

ஆனால் கம்பைன் என்று சொல்லப்படும் இந்த மாபெரும் பரீட்சை ஓட்டத்துக்காக ஏற்பட்டதல்ல, முழங்காலுக்காக ஏற்பட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கோஷ்டியும் பையனைத் தன் ஊருக்கு வரவழைத்துத் தன் டாக்டரிடம் காட்டும். ஒரே பையனுடைய ஒரே முழங்காலைப் பல ஊர் டாக்டர்கள் திருகிப் பார்ப்பார்கள். செலவு பல மடங்கு. பையனுக்கோ படிப்புப் பாழ். எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்து ஒரே தடவையில் பார்த்துவிடலாமே என்று அதே ஷ்ராம் யோசனை சொன்னார். 1982-இல் புளோரிடாவில் டாம்பா நகரில் முதல் முகாம் நடந்தது. 163 ஆட்டக்காரர்கள் வந்தார்கள். சில கோஷ்டிகள் வேறு முகாம்கள் நடத்தின. 1985-இல் எல்லாம் ஒன்றாயின. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரம்தான் இடம். நோய்த் தொற்றுக் காலமான 2021-இல் மட்டும் முகாம் கூடவில்லை. டிராஃப்ட் என்னவோ வழக்கம்போல நடந்தது.

டாக்டரிடம் காட்டத்தான் கூட்டினார்கள். கூட்டியவர்களைச் சும்மா உட்கார்த்தி வைப்பானேன்? ஓடச் சொன்னார்கள். நின்ற இடத்தில் எம்பிக் குதிக்கச் சொன்னார்கள். 225 ராத்தல், அதாவது 102 கிலோ கனமுள்ள இரும்பை மல்லாந்து படுத்துக்கொண்டு எத்தனை தடவை தூக்குகிறாய் என்று எண்ணினார்கள். கை நீளம் அளந்தார்கள். உள்ளங்கை அகலம் அளந்தார்கள். 12 நிமிஷத்தில் 50 கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லிப் புத்தியை அளந்தார்கள். அந்தப் புத்தி பரீட்சையை 2022-இல்தான் கைவிட்டார்கள்.

உடம்பை நாடா வைத்து அளப்பதைப் பற்றி எனக்கு ஒரு சொந்த மனத்தாங்கல் உண்டு. இளம் வயதில் ஒரு சர்க்கார் இலாகாவில் உத்தியோகத்துக்குப் போனேன். மார்பை விரித்துக் காட்டச் சொன்னார்கள். மூச்சுப் பிடித்து, கண் பிதுங்க விரித்தேன். அரை அங்குலம் போதவில்லை. அந்த அரை அங்குலத்தினால்தான் நாவல் எழுத வந்து சேர்ந்தேன். என் நாவல்களைப் படித்து அவதிப்பட்டவர்கள் நாடாவைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

ஆரம்ப காலத்தில் ஓட்டத்தை அளந்தது மனிதனின் கட்டைவிரல். ஆளுக்கு ஒரு கடிகாரம். ஆளுக்கு ஒரு நேரம். 1986-இல் போ ஜாக்ஸன் 4.12 வினாடியில் ஓடினார் என்று கர்ண பரம்பரையாகச் சொல்கிறார்கள். 1999-இலிருந்து மின்சாரக் கடிகாரம் வந்து புராணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2003-இல் லீக் தனக்கென்று தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, ஓட்டமே ஒரு கண்காட்சியாகிவிட்டது. 2008-இல் கிறிஸ் ஜான்ஸன் 4.24, 2017-இல் ஜான் ராஸ் 4.22, 2024-இல் ஸேவியர் வொர்த்தி 4.21. இந்த வேகத்தில் பத்தில் ஒரு வினாடி என்றால் தரையில் ஏறக்குறைய ஒரு கஜம். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும் அவனைத் தடுக்க ஓடுகிறவனுக்கும் நடுவில் அந்த ஒரு கஜம் பெரிய விஷயந்தான். அதை நான் மறுக்கவில்லை. கிறிஸ் ஜான்ஸன் ஈஸ்ட் கரோலினா என்ற, அவ்வளவாகப் பெயர் பெறாத கல்லூரியிலிருந்து வந்தவர். அந்த 4.24 அவரை முதல் சுற்றில் 24-ஆம் ஆளாக டென்னஸிக்குக் கொண்டு சேர்த்தது. அடுத்த ஆண்டே ஒரு பருவத்தில் 2,006 கஜம் பந்தோடு ஓடினார். கடிகாரம் சத்தியம் சொன்னது. அவரையும் முந்திய ஜான் ராஸை 9-ஆம் ஆளாக சின்சினாட்டி எடுத்தது. காயங்களும் தடுமாற்றமுமாக அவருடைய ஆட்டம் கரைந்து போயிற்று. அதே கடிகாரம்தான்.

இனி, இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமான மனிதருக்கு வருகிறேன். அவர் பெயர் மைக் மாமுலா. நம் காதுக்கு 'மாமூல்' என்று விழுகிறது. அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதைப் பாருங்கள். பாஸ்டன் கல்லூரிக்காரர், எதிரியின் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்து வீசும் தளபதியைத் துரத்தி வீழ்த்துவது அவர் வேலை. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் நாடே பேசும் பெயர் அல்ல. 1995-இல் கம்பைனுக்குப் போவதற்கு முன், மற்றவர்கள் செய்யாத ஒன்றை அவர் செய்தார். பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே? அதையே பயின்றார். ஓட்டத்தில் முதல் அடி எப்படி வைப்பது, குதிக்கும்போது கையை எப்படி வீசுவது, இரும்பை எந்த மூச்சில் தூக்குவது என்று கோனார் நோட்ஸ் படித்த மாணவன்போலத் தயாராகிப் போனார். தன்னிலும் எடை குறைந்த ஆட்டக்காரர்களுக்குச் சமமாக 4.58 வினாடியில் ஓடினார். 38½ அங்குலம் எம்பினார். புத்தி பரீட்சையில் 50-க்கு 49 வாங்கினார் என்றும் சொல்வார்கள். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள்.

மிகவும் அகலமாக வாய் பிளந்தது பிலடெல்பியா ஈகிள்ஸ். பெர்ட் பெல்லின் பழைய கோஷ்டியேதான். 12-ஆம் இடத்தில் இருந்த தன் தேர்வையும் இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் டாம்பா பே கோஷ்டிக்குக் கொடுத்து, 7-ஆம் இடத்துக்கு ஏறி வந்து மாமுலாவை எடுத்தது. டாம்பா பே அந்த 12-ஆம் தேர்வில் வாரன் ஸாப்பை எடுத்தது. டிராஃப்டுக்கு முந்திய நாட்களில் ஸாப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளால் மற்றவர்கள் தயங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் வந்த இரண்டாம் சுற்றுத் தேர்வுகளை மாற்றி டெரிக் புரூக்ஸ் என்பவரையும் அதே கோஷ்டி பிடித்தது. 2013-இல் ஸாப்பும், 2014-இல் புரூக்ஸும் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்கள். மாமுலா ஐந்து பருவம் ஆடி, 31½ தடவை எதிரித் தளபதியை வீழ்த்தி, காயங்களோடு ஓய்வு பெற்றார்.

கணக்குப் பார்த்தால் அது மோசமான ஆட்டமல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கனவு காணும் ஆட்டம். ஆனாலும் 'பரீட்சையில் ஜொலித்து, களத்தில் மங்கியவன்' என்பதற்கு அவர் பெயரே அந்த நாட்டில் உதாரணமாகிவிட்டது. இதைப்போல ஓர் அநியாயம் உண்டா? அவர் யாரை ஏமாற்றினார்? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். கேள்வி தப்பு என்றால் கேட்டவர்கள்தானே வெட்கப்பட வேண்டும்? அவர்கள் வெட்கப்படவில்லை. அவர் செய்ததை எல்லோரும் செய்யத் தொடங்கினார்கள். இன்று கல்லூரிப் பருவம் முடிந்தவுடன் ஏஜெண்டுகள் தங்கள் செலவில் பையன்களைத் தனிப் பயிற்சிக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். வாரக் கணக்கில் நாற்பது கஜத்தை மட்டும் ஓடிப் பழகுகிறார்கள். அதுவே மாமூலாகிவிட்டது.

நேர்மாறான கதைகளும் உண்டு. டாம் பிராடியின் கதையை அமெரிக்காவில் குழந்தைகூடச் சொல்லும்: 2000-இல் 5.28 வினாடியில் ஊர்ந்தார், 24½ அங்குலம் குதித்தார், 199-ஆம் ஆளாக எடுக்கப்பட்டார், ஏழு தடவை சூப்பர் பௌல் வென்றார். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. எனக்கு அதைவிட ஜெர்ரி ரைஸின் கதைதான் மனசில் நிற்கிறது. மிஸிஸிப்பியில் பிறந்தவர். தகப்பனார் கொத்தனார். கோடை நாட்களில் அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து செங்கல்லை வீச, இவர் சாரத்தின் மேல் நின்று பிடித்தார். சிறிய கல்லூரியில் ஆடினார். வேகம் போதாது என்று பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். 1985-இல் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர்கள் இருவர் அவருக்கு முன்னால் எடுக்கப்பட்டார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோவின் பயிற்சியாளர் பில் வால்ஷ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஹோட்டல் அறைத் தொலைக்காட்சியில் பையனின் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். 16-ஆம் இடத்துக்கு ஏறி வந்து எடுத்தார். ரைஸ் 2004 வரை ஆடி, 22,895 கஜத்துக்குப் பந்து பிடித்தார். இன்றுவரை யாரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவில்லை. செங்கல் பிடித்த கையை எந்தக் கடிகாரம் அளக்கும்?

2008-இல் லூயிவில் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் இருவர் குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடுகிறவன், பந்து பிடிக்கிறவன் ஆகிய மூன்று வகையினரை எடுத்துக்கொண்டு, கம்பைன் அளவுகளையும் பிற்கால ஆட்டத்தையும் ஒப்பிட்டார்கள். பந்தோடு ஓடுகிறவனின் ஓட்ட நேரம் ஒன்றைத் தவிர, மற்ற எதற்கும் நிலையான சம்பந்தம் தெரியவில்லை என்று எழுதினார்கள். பதினெட்டு வருஷம் ஆகப் போகிறது. அதன் பிறகும் பரீட்சை நின்றதா? நிற்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆள் எடுக்கிறவனுக்கும் வேலை போய்விடும் என்ற பயம் உண்டு. மெதுவாக ஓடியவனை எடுத்து அவன் சோபிக்காவிட்டால், "கடிகாரம் சொல்லியும் கேட்காத முட்டாள்" என்று முதலாளி திட்டுவார். வேகமாக ஓடியவனை எடுத்து அவன் சோபிக்காவிட்டால், "கடிகாரமே ஏமாந்து போயிற்று, நாம் என்ன செய்வது?" என்று இருவரும் சேர்ந்து பெருமூச்சு விடலாம். நாற்பது கஜம் பையனை அளப்பதைவிட, எடுக்கிறவனைக் காப்பதற்கு அதிகம் பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதில் எல்லோரும் சமமாகத் தவிக்கவில்லை என்பதும் தெரிகிறது. பெயர் பெற்ற பையன் ஓடமாட்டேன் என்று சொல்லிவிடலாம். 2024-இல் காலெப் வில்லியம்ஸ் வைத்தியப் பரிசோதனைக்குக்கூட இணங்கவில்லை. அப்படியும் அவரை முதல் ஆளாகவே எடுத்தார்கள். எடுத்தது பெர்வாங்கரை அனுப்பிவிட்ட அதே சிகாகோ பேர்ஸ். ஓடித்தான் ஆக வேண்டியவன், பெரிய கல்லூரியும் பெரிய பெயரும் இல்லாதவன். அவனுக்கு இருக்கும் ஒரே மேடை அது.

வைத்தியப் பரிசோதனையை மட்டும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2018-இல் மிஷிகன் ஆட்டக்காரர் மாரிஸ் ஹர்ஸ்டுக்கு இதயத்தில் கோளாறு இருப்பதாகக் கண்டு, ஓடவிடாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் சுற்று என்று பேசப்பட்டவர் ஐந்தாம் சுற்றில் 140-ஆம் ஆளாகப் போனார். பணம் போயிற்று, ஆனால் இதயத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது எந்தப் பையனுக்கும் நல்லதுதான். ஆனாலும், பெரும்பாலும் கறுப்பினத்தைச் சேர்ந்த வாலிபர்களை அரை ஆடையில் வரிசையாக நிறுத்தி, அளந்து, எடை போட்டு, திருப்பிப் பார்த்து, பெரும்பாலும் வெள்ளையரான முதலாளிகளின் ஆட்கள் குறிப்பெழுதும் காட்சியைப் பார்க்கும்போது, அந்த நாட்டின் பழைய அடிமைச் சந்தை நினைவுக்கு வருகிறது என்று ஆட்டக்காரர்களும் அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கப் போகிறவனை அடிமை என்பதா என்று கேட்பவர்களும் உண்டு. நான் கிராமத்து மாட்டுத் தாவணியில் பல் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவன். அந்த ஒப்புமை எனக்குப் புரிகிறது.

கடைசியாக ஒரு குடும்பத்தின் கதை. ஒர்லாண்டோ பிரௌன் என்று ஒருவர் இருந்தார். தளபதிக்கு மெய்க்காப்பாளராக முன்னே நின்று, பாய்ந்து வருகிறவர்களை மறிப்பது அவர் வேலை. டிராஃப்டில் அவரை யாருமே எடுக்கவில்லை. தாமாகப் போய்ச் சேர்ந்து, கிளீவ்லண்டிலும் பால்டிமோரிலும் வருஷக் கணக்கில் ஆடினார். 2011-இல் 40 வயதில் காலமானார். அவர் மகனுக்கும் அதே பெயர், அதே வேலை. ஓக்லஹோமாவில் ஆடிப் பெரும் புகழ் பெற்று, முதல் சுற்றிலேயே போவான் என்ற பேச்சோடு 2018-இல் இண்டியானாபொலிஸுக்கு வந்தான். ஆறடி எட்டங்குல உயரம். 345 ராத்தல் எடை. அவனையும் நாற்பது கஜம் ஓடச் சொன்னார்கள். 5.85 வினாடி. இரும்பை 14 தடவைதான் தூக்கினான். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மெய்க்காப்பாளன் எந்த ஆட்டத்தில் நாற்பது கஜம் ஓடுகிறான்? பின்னோக்கி நாலைந்து அடி, பக்கவாட்டில் இரண்டடி, நீண்ட கை, அசையாத கால். அவ்வளவுதான் அவன் உலகம். ஆனாலும் முதல் சுற்று போயிற்று. இரண்டாம் சுற்றும் போயிற்று. மூன்றாம் சுற்றில் 83-ஆம் ஆளாக, அவனுடைய தகப்பனார் ஆடிய பால்டிமோர் கோஷ்டி அவனை எடுத்துக்கொண்டது.

2023 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்டம். அப்போது அவர் கான்ஸஸ் ஸிட்டி கோஷ்டியில் தளபதி மஹோம்ஸின் இடப்புறத்தைக் காத்து நின்றார். எதிரில் பிலடெல்பியா ஈகிள்ஸ். அந்தப் பருவத்தில் எதிரித் தளபதிகளை 70 தடவை தரையில் சாய்த்த கோஷ்டி. அன்று இரவு அவர்களால் மஹோம்ஸை ஒரு தடவைகூடச் சாய்க்க முடியவில்லை. கான்ஸஸ் ஸிட்டி 38-35 என்ற கணக்கில் ஜெயித்தது.